வழிகாட்டி ஓய்வு பெறுகிறார், என் பிஎச்.டி. என்ன ஆகும்?

மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் வரலாற்றுத் துறையில் முழுநேர ஆய்வு மாணவியாக இருக்கும் 33 வயது வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விஷயம் இதுதான்.

2021 ஜூலையில் பதிவு செய்தார். தென்மாவட்டக் கண்மாய்ப் பாசனம் பற்றிய ஆய்வு. ஐந்து இயல்களில் மூன்றை எழுதிவிட்டார். 2023 செப்டம்பரில் குழந்தை பிறந்தது. அந்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்து 2024 ஏப்ரல் முடியும் வரை துறைக்குப் போகவில்லை. விடுப்புக் கடிதம் கொடுக்கவில்லை. வழிகாட்டி, "நீ பிள்ளையைப் பாரும்மா, இங்கே நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டாராம். அந்த மாதங்களில் வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேரே யாரோ கையெழுத்துப் போட்டிருப்பதாகத் தோழி ஒருத்தி சொன்னது முதல் இவருக்குத் தூக்கம் போய்விட்டது. டிசி மீட்டிங், அதாவது ஆய்வின் முன்னேற்றத்தைப் பார்க்கும் ஆய்வுக் குழுவின் கூட்டம், இதுவரை இரண்டே முறை நடந்திருக்கிறது. இப்போது வழிகாட்டி வரும் ஜூனில் ஓய்வு பெறுகிறார். "சார் போய்விட்டால் என் பதிவு ரத்தாகிவிடுமா? வேறு வழிகாட்டியிடம் முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? பிஎச்.டி.க்குக் கட்டுரை வெளியிடுவது இப்போது கட்டாயமில்லை என்கிறார்களே, உண்மையா? சொந்த ஊரில் ஒரு தனியார் கல்லூரி வேலைக்குக் கூப்பிடுகிறது, துறையில் சொல்லாமல் சேரலாமா? இல்லை, எல்லாவற்றையும் விட்டுவிடலாமா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு தாளில் தேதிகளை மட்டும் தனியாக எழுதிக்கொண்டேன். முப்பது வருடம் ஆய்வுப் பிரிவில் கோப்பு பார்த்தவனுக்கு அது பழக்கம். கடிதத்தில் இருக்கும் பயத்தில் பாதிகூட அந்தத் தேதித் தாளில் இல்லை. நாலரை வருடம் ஓடியிருக்கிறது, இன்னும் ஒன்றரை வருடம் சாதாரணமாகவே கையில் இருக்கிறது. மூன்று இயல் எழுதி முடித்தவர் விட்டுவிட்டுப் போக வேண்டிய நிலைமை இது இல்லை. ஆனால் உங்கள் நாலரை வருடத்தில் பாதி வாய்வார்த்தையாகவே நடந்திருக்கிறது. அதைச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் ஜூனில் வீட்டுக்குப் போகிறார். அவசரம் அங்கேதான்.

பதிவுத் தேதிதான் உங்கள் ஜாதகம்

ஆய்வு மாணவர்கள் செய்யும் முதல் தவறு, கேன்டீனில் கேட்ட விதியைத் தன் விதியாக எடுத்துக்கொள்வது. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) புதிய பிஎச்.டி. ஒழுங்குமுறையை 2022 நவம்பர் 7-இல் அறிவித்தது. அதற்கு முன் பதிவு செய்தவர்களுக்குப் பழைய ஒழுங்குமுறைதான் பொருந்தும் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் 2021 ஜூலை. ஆகவே உங்களுக்கு 2016-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. அதை உங்கள் பல்கலைக்கழகம் எப்படித் தன் விதிப் புத்தகத்தில் சேர்த்துக்கொண்டது என்பதும் முக்கியம். 2021-இல் அமலில் இருந்த அந்தப் புத்தகத்தின் நகல் ஒன்றை முதல் வேலையாக வாங்குங்கள். இணையதளத்தில் இன்று இருப்பது புதியதாக இருக்கலாம்.

இதை வைத்து, கட்டுரை கட்டாயமில்லை என்று உங்கள் தோழி சொன்னதைப் பார்ப்போம். ஆய்வேடு கொடுக்கும் முன் கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி எடுத்துவிட்டது என்பது சரிதான். ஆனால் எடுத்தது 2022-இல். 2016 விதிப்படி, மதிப்பீட்டுக்கு உட்பட்ட ஆய்விதழில் ஒரு கட்டுரையும், கருத்தரங்குகளில் இரண்டு கட்டுரை வாசிப்பும் வேண்டும், அதற்கு ஆதாரமும் வைக்க வேண்டும். உங்கள் தோழி 2023-இல் சேர்ந்தவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவருக்கு அவர் சொன்னது பொருந்தும், உங்களுக்குப் பொருந்தாது. பழைய மாணவர்களுக்கும் தளர்வு கொடுத்து உங்கள் பல்கலைக்கழகம் ஏதாவது சுற்றறிக்கை போட்டிருந்தால் சந்தோஷம், அந்தத் தாளைக் கையில் வாங்கிய பிறகு நம்புங்கள்.

நீங்கள் ஒரு கருத்தரங்கில் மட்டும் வாசித்திருக்கிறீர்கள். அப்படியானால் இன்னொரு கருத்தரங்கும் ஒரு கட்டுரையும் பாக்கி. நல்ல ஆய்விதழ் பதில் சொல்லவே பல மாதம் எடுத்துக்கொள்ளும். இரண்டாம் இயலைச் சுருக்கி இந்த மாதமே அனுப்பிவிடுங்கள். "மூன்று நாளில் பிரசுரம், கட்டணம் 2,500, சான்றிதழ் இலவசம்" என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரத்தில் மட்டும் விழாதீர்கள். யுஜிசி, தான் ஏற்கும் ஆய்விதழ்களின் 'கேர்' பட்டியலை 2025 பிப்ரவரியில் கைவிட்டபிறகு எந்த இதழ் நல்லது என்று முடிவு செய்யும் பொறுப்பு உங்கள் நிறுவனத்துக்கு வந்துவிட்டது. அதனால் இதழின் பெயரை முன்கூட்டியே வழிகாட்டியிடமும் குழுவிடமும் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்வது நல்லது.

காலக்கெடு பற்றியும் ஒரு வார்த்தை. உச்சவரம்பு ஆறு வருடம், உங்களுக்கு 2027 ஜூலை. பெண்களுக்கு இரண்டு வருடம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்று விதி சொல்கிறது. 'கொடுக்கலாம்' என்றுதான் இருக்கிறது. தானாக வந்துவிடாது. ஆறு வருடம் முடிவதற்குள் விண்ணப்பம் போக வேண்டும். முடிந்த பிறகு வந்து நின்ற எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். "சார், பெண்களுக்கு எட்டு வருஷம்தானே?" என்பார்கள். விண்ணப்பம் எங்கே என்று கேட்டால் முகம் மாறிவிடும்.

அந்த 243 நாள்

இதுதான் கடிதத்தில் உங்களை அதிகம் வாட்டுகிற பகுதி என்று தெரிகிறது. விதிப்படி, ஆய்வுக் காலம் முழுவதற்குமாக ஒருமுறை, 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் போகாமல் இருந்ததை எண்ணிப் பார்த்தேன். செப்டம்பர் 30, அக்டோபர் 31, நவம்பர் 30, டிசம்பர் 31, ஜனவரி 31, பிப்ரவரி 29 (2024 லீப் வருடம்), மார்ச் 31, ஏப்ரல் 30. கூட்டினால் 243. மூன்று நாள் கூடுதல்.

இங்கேதான் யாராவது ஒருவர், "செப்டம்பர் 4-ஆம் தேதியிலிருந்து என்று போட்டுக்கொள்ளுங்கள், சரியாக 240 வந்துவிடும்" என்பார். வேண்டாம். 1-ஆம் தேதி என்றே எழுதுங்கள். 240 நாளை மகப்பேறு விடுப்பாகவும் மீதி மூன்று நாளைச் சாதாரண விடுப்பாகவும் கருதும்படி கேளுங்கள். மூன்று நாளுக்காக எந்தக் குழுவும் ஒரு மாணவியைத் திருப்பி அனுப்பாது. தேதியைத் திருத்தினால் அனுப்பும்.

நடந்து முடிந்த விடுப்புக்கு இப்போது அனுமதி கேட்க முடியுமா? முடியும். அலுவலகத்தில் இதை 'பின்னேற்பு' என்பார்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்று நீங்கள் உரிமை கோர முடியாது, அது பல்கலைக்கழகத்தின் முடிவு. ஆனால் காரணம் பிரசவம். குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கின்றன. இதைவிடப் பலமான காரணத்தோடு பின்னேற்புக் கோப்பு ஒன்று என் மேஜைக்கு வந்ததாக எனக்கு நினைவில்லை.

பதிவேட்டுக் கையெழுத்து விஷயம் வேறு மாதிரி. அது நீங்கள் போட்டதில்லை, போடச் சொன்னதும் இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். நீங்கள் உதவித்தொகை எதுவும் வாங்கவில்லை என்பதால், வராத நாளுக்குப் பணம் எடுத்தார் என்ற பேச்சுக்கும் இடமில்லை. அது பெரிய நிம்மதி. ஆனால் பதிவேடு ஒன்று சொல்ல, உங்கள் விடுப்புக் கடிதம் வேறொன்று சொல்லும். ஆகவே, கடிதம் கொடுத்தால் மாட்டிக்கொள்வோமோ என்று யோசித்திருப்பீர்கள். எனக்கு மாறாகத்தான் தோன்றுகிறது. யாராவது கண்டுபிடித்துக் கேட்பதற்கு முன், இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை நான் துறைக்கு வரவில்லை என்று நீங்களே எழுதிக் கொடுத்த கடிதம் கோப்பில் இருந்தால், அந்தக் கையெழுத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை. கடிதத்தில் பதிவேட்டைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம், யார் மேலும் சந்தேகம் சொல்ல வேண்டாம். நீங்கள் வராத தேதிகள் மட்டும் போதும். காலியாக இருக்கும் கட்டங்களை நிரப்பச் சொல்லி யாராவது பதிவேட்டை நீட்டினால் பேனாவைத் தொடாதீர்கள்.

சார் போவதற்கு முன்

வழிகாட்டி ஓய்வு பெறுவதால் பதிவு ரத்தாகாது. நீங்கள் பதிவு செய்திருப்பது பல்கலைக்கழகத்தில். முதலிலிருந்தும் தொடங்க வேண்டாம். வழிகாட்டி மாற்றம் ஆய்வுப் பிரிவில் வாரத்துக்கு இரண்டு மூன்று நடக்கும் வேலை. உங்களுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

ஜூனுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிடுவது ஒன்று. இரண்டு இயலும், கட்டுரையும், ஆய்வேடு கொடுக்கும் முன் நடக்கும் முன்வைப்புக் கூட்டமும் பாக்கி வைத்துக்கொண்டு, சின்னக் குழந்தையோடு, இது ஆகாது. யார் ஊக்கப்படுத்தினாலும் கேட்காதீர்கள். அவசரத்தில் ஒட்டிய பக்கங்கள், பிறர் எழுத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் வந்து நிற்கும். 2018-ஆம் ஆண்டு யுஜிசி விதிப்படி 10 சதவீதம் வரை ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும், 60-ஐத் தாண்டினால் பதிவே போய்விடும்.

ஓய்வுக்குப் பிறகும் அவரே தொடர்வது இன்னொன்று. புதிய ஒழுங்குமுறை, ஓய்வு பெற்றவர் 70 வயது வரை இணை வழிகாட்டியாக இருக்கலாம் என்கிறது. உங்கள் பழைய விதியில் பல்கலைக்கழகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். தனி வழிகாட்டியாக விட்டாலும், ஒவ்வொரு தாளுக்கும் அவர் வீட்டுக்கும் துறைக்கும் நடுவில் நீங்கள்தான் பஸ் ஏற வேண்டும்.

நான் சொல்வது மூன்றாவது வழி: துறையில் உள்ள ஒருவர் வழிகாட்டி, இப்போதைய சார் இணை வழிகாட்டி. கண்மாய் பற்றி அவருக்குத் தெரிந்தது உங்களுக்குத் தொடர்ந்து கிடைக்கும், கையெழுத்துப் போடப் பணியில் இருக்கும் ஒருவரும் இருப்பார். நீங்கள் மனதில் வைத்திருப்பது ஓர் உதவிப் பேராசிரியை, நன்றாகப் பேசுவார், ஏற்கனவே நான்கு பேர் அவரிடம் இருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே ஒரு சிக்கல். ஒரே நேரத்தில் பேராசிரியர் எட்டு, இணைப் பேராசிரியர் ஆறு, உதவிப் பேராசிரியர் நான்கு பிஎச்.டி. மாணவர்கள்தான் வைத்துக்கொள்ளலாம். அவருக்கு நான்கும் நிரம்பிவிட்டது. அந்த நால்வரில் யாராவது ஜூனுக்குள் முடிக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் இடம் காலியாக உள்ள ஒருவரைப் பாருங்கள். உங்கள் தலைப்பில் அவர் பெரிய நிபுணராக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அதற்குத்தானே பழைய சார் இணையாக இருக்கிறார்.

ஜூன் வரை காத்திருக்காதீர்கள். ஓய்வு பெறும் மாதத்தில் ஒரு பேராசிரியர் நூலகத்துக்கும் நிதிப் பிரிவுக்கும் தன் 'நோ டியூ' சான்றிதழுக்காக அலைந்துகொண்டிருப்பார். பாராட்டு விழா, போட்டோ, சால்வை எல்லாம் அதே வாரத்தில் வரும். உங்கள் தாள் அந்தச் சால்வைகளுக்கு அடியில் போய்விடும். அவரிடமிருந்து இப்போதே வாங்க வேண்டியவை: வழிகாட்டி மாற்றத்துக்கு ஆட்சேபணை இல்லை என்ற கடிதம், விடுப்புப் பின்னேற்புக்குப் பரிந்துரை, எழுதிய மூன்று இயல்களையும் பார்த்ததாக ஒரு குறிப்பு, ஒரு டிசி கூட்டம்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். விதிப்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் ஆய்வுக் குழு முன் நிற்க வேண்டும். நாலரை வருடத்தில் ஒன்பது வந்திருக்க வேண்டும், நடந்தது இரண்டு. ஏழு கூட்ட நடவடிக்கைக் குறிப்பையும் ஒரே மதியத்தில் உட்கார்ந்து, பழைய தேதி போட்டு முடித்துவிடலாம் என்று ஒரு யோசனை வரும். பல துறைகளில் வருகிறது. என் பிரிவுக்கு ஒருமுறை அப்படி ஒரு கோப்பு வந்தது. எல்லாக் கூட்டத்திலும் ஒரே பேனா, ஒரே மை, கையெழுத்தின் சாய்வுகூட மாறவில்லை. ஒரு கூட்டத்தின் தேதியைக் காலண்டரில் பார்த்தால் மாட்டுப் பொங்கல். அந்தப் பையன் ஆய்வில் கெட்டிக்காரன்தான், ஆனாலும் அந்த ஒரு தேதியால் கோப்பு பத்து மாதம் நகரவில்லை. நீங்கள் ஒரே ஒரு கூட்டம், இன்றைய தேதியில் வையுங்கள். இதுவரை செய்த வேலை முழுவதையும் ஒரே அறிக்கையாகக் கொடுங்கள், இடையில் கூட்டம் நடக்காததை அதில் மறைக்காமல் குறிப்பிடுங்கள். கூட்டத்தைக் கூட்டுவது குழுவின் அமைப்பாளரான வழிகாட்டியின் பொறுப்பு. அது நடக்காததற்கு மாணவியைத் தண்டிப்பது பல்கலைக்கழகத்துக்கும் சங்கடம்.

அந்தக் கல்லூரி வேலை

சொல்லாமல் சேரக் கூடாது. முழுநேர மாணவியாக ஓரிடத்திலும் முழுநேர ஆசிரியையாக இன்னோரிடத்திலும் ஒரே நாளில் கையெழுத்துப் போடுவது, "ஒப்பந்தச் சம்பளம்தானே" என்பதால் சரியாகிவிடாது. தமிழ்நாட்டில் ஒரே ஆள் பல பொறியியல் கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்ட விவகாரம் 2024-இல் வெடித்த பிறகு, ஆசிரியர் பட்டியலை ஒப்பிட்டுப் பார்ப்பது யாருக்கும் கஷ்டமான காரியமில்லை. வேலை தேவை என்றால் பகுதிநேரமாக மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் அதற்கு வழி உண்டு. கல்லூரியின் ஆட்சேபணையின்மைக் கடிதம் வேண்டியிருக்கும். ஆனால் வழிகாட்டி மாற்றமும் பகுதிநேர மாற்றமும் ஒரே கோப்பில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்றில் கேள்வி வந்தால் இரண்டும் நிற்கும். கல்லூரியிடம் அடுத்த கல்வியாண்டில் சேருகிறேன் என்று சொல்ல முடிந்தால் சொல்லுங்கள்.

ஊருக்கே குடிபோக நேர்ந்தால், திருமணம் அல்லது வேறு காரணத்தால் இடம் மாறும் பெண் ஆய்வாளர் தன் ஆய்வுத் தரவுகளை அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளவும் உங்கள் விதியில் இடமுண்டு. வழிகாட்டியோ பல்கலைக்கழகமோ நிதி நிறுவனத்திடம் வாங்கிய திட்டமாக இருக்கக் கூடாது, ஏற்கனவே செய்த பகுதிக்கு இவர்களுக்கு உரிய நன்றியைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் கட்டத்தில் இதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மூன்று இயல் எழுதியவர் புதுக் குழுவிடம் மறுபடி எல்லாவற்றையும் விளக்க வேண்டியிருக்கும்.

கையெழுத்துக் கிடைக்காவிட்டால்

சார் நல்லவர் என்றே எழுதியிருக்கிறீர்கள். அதனால் முதலில் நேரில் போய்ப் பேசுங்கள். "சார், நீங்க இருக்கும்போதே என் கோப்பைச் சரி பண்ணிட்டா எனக்குத் தைரியமா இருக்கும்" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் செய்துகொடுத்துவிடுவார்கள். புகார் மாதிரி ஆரம்பித்தால் அவரும் பதிவேட்டை நினைத்துப் பயந்துவிடுவார்.

பேசிவிட்டு வந்த அன்றே கடிதம் கொடுங்கள். அனுப்புநர், வழி: வழிகாட்டி மற்றும் துறைத்தலைவர், பெறுநர்: பதிவாளர். பொருளில் ஒரே ஒரு கோரிக்கை. விடுப்புக்கு ஒரு கடிதம், வழிகாட்டி மாற்றத்துக்கு ஒரு கடிதம். பார்வையில் உங்கள் பதிவு ஆணையின் எண்ணும் தேதியும். இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் துறை அலுவலகத்தின் முத்திரையும் தேதியும் சுருக்கொப்பமும் வாங்குங்கள். "வெச்சிட்டுப் போம்மா, அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். சிரித்துக்கொண்டே, "ஒரு சீல் மட்டும் போட்டுக்கொடுங்க சார், எனக்கு மறந்துடும்" என்று நின்றுவிடுங்கள்.

மூன்று வாரத்தில் கடிதம் நகரவில்லை என்றால் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையென்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று பொதுத் தகவல் அலுவலரிடம் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். அதையும் தாண்டினால், 2023-ஆம் ஆண்டு யுஜிசி விதிப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இருக்க வேண்டிய மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. அது 15 வேலை நாளுக்குள் அறிக்கை தர வேண்டும், திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். இவை இருப்பது தெரிந்திருக்கட்டும், கையில் எடுக்க அவசரப்பட வேண்டாம். நாளைக்கு வாய்மொழித் தேர்வுக்கு உங்களை நாற்காலி போட்டு உட்கார வைக்கப் போவதும் அதே துறைதான்.

முதல் கடிதம் விடுப்புக்கானதாகவே இருக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயரும் முதல் எழுத்தும் பதிவு ஆணையில் இருக்கிற மாதிரியே இருக்கின்றனவா என்று கொடுப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒன்றில் அப்பா பெயரின் முதலெழுத்தும் இன்னொன்றில் கணவர் பெயரின் முதலெழுத்தும் இருந்தால், இருவரும் ஒருவரே என்று ஒரு வரி கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஓரெழுத்துக்காகக் கோப்பு மறுபடி உங்கள் துறைக்கே திரும்பி வரும்.